மில் சங்குக்கும் குளத்தங்கரைக்கும் நடுவே: கோவை மில் தொழிலாளர்களின் ஓய்வு நாட்கள்

நொய்யல் மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா இறந்து வருகிற தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வரும் சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுவதென்று அண்ணனும் நானும் பேசி முடித்திருக்கிறோம். அண்ணன் எழுதித் தந்த பக்கத்தில் அப்பா பிறந்த ஊர், மில்லில் சேர்ந்தது, பதிலியாக (தற்காலிக ஆளாக) இருந்து நிரந்தரமானது, ஓய்வு பெற்றது, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றும் தவறில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் அப்பாவைக் காணவில்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் நூற்பாலையில் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரம் ஓட்டிய யாருடைய பெயரை மேலே போட்டாலும் பொருந்திவிடும்.

எனக்குத் தெரிந்த அப்பா குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பவர். சைக்கிளில் பேரூர் தாண்டிப் போகிறவர். மாசி பங்குனி வந்தால் வெள்ளியங்கிரி மலை பற்றிப் பேச ஆரம்பிப்பவர். மில்லைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே குறைவு. மீனைப் பற்றிப் பேசியது ஏராளம்.

பகல் ஷிப்ட் வாரத்தில் அவர் முகம் களையிழந்திருக்கும். காலையில் நல்ல நேரமெல்லாம் மில்லுக்குள் போய்விடும். அரை நைட் வாரம்தான் அவருக்கு உகந்தது. நடுச்சாமத்தில் வீட்டுக்கு வந்து, சிறிது நேரம் கண்ணயர்ந்து, கிழக்கு வெளுக்கும்போது தூண்டிலோடு குளத்தில் இருப்பார். முழு நைட் என்றால் மில் கேட்டிலிருந்து நேராகக் குளம்தான். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைத் துடைக்கக்கூட மாட்டார். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படித்தான் எனக்கு மீன்பிடி பழக்கமானது. அண்ணனுக்குப் பொறுமை இருந்ததில்லை.

மூங்கில் குச்சி, மயிலிறகின் தண்டில் செய்த தக்கை, மில்லில் கழித்துப்போட்ட பழைய மரப் பாபினில் (நூல் சுற்றும் கட்டையில்) சுற்றிய தூண்டில் நரம்பு. இவ்வளவுதான் அவருடைய சாமான்கள். மில் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் தோண்டினால் மண்புழு கிடைக்கும். கிடைக்காத நாளில் மைதா மாவு உருண்டை. பெரும்பாலும் ஜிலேபி மீனும் கெளுத்தியும் விழும். விரால் விழுந்தால் அன்றைக்கு லைன் முழுக்கத் தெரிந்துவிடும்.

குளத்தங்கரையில் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் பேசவே மாட்டார்கள். எல்லாம் கைச்சாடைதான். கையை மடக்கிக் காட்டினால் ஒரு பொருள், இரண்டு விரலை உரசினால் வேறொரு பொருள். மீன் கலைந்துவிடும் என்பதற்காக அவர்கள் கண்டுபிடித்த பாஷை என்று சிறுவயதில் நினைத்தேன். ரிங் ஃபிரேம் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது என்பதால் மில்லுக்குள் பழகிய சாடைகள் அவை என்பது வளர்ந்த பிறகு தெரிந்தது.

என் வேண்டுகோள் இதுதான். உங்களில் மில்லில் வேலை பார்த்தவர்கள், மில் குடும்பத்தில் பிறந்தவர்கள் இருப்பீர்கள். வார விடுப்பிலும் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் உங்கள் வீட்டு ஆண்களும் பெண்களும் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். அப்பாவைச் சரியாக எழுத எனக்கு அது உதவும்.

பழைய சைடர்:

அம்மிணி, நானும் ரிங் ஃபிரேமில் சைடராக, அதாவது அறுந்த இழையைச் சேர்த்து ஃபிரேமைக் கவனிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேறு மில். உங்கள் அப்பாவை நான் அறிந்திருக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய அந்தக் கைச்சாடையைப் படித்ததும் என் விரல்கள் தாமாக அசைந்தன.

மில்லுக்குள் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் நூல் அறாமல் இருக்க வேண்டும் என்று காற்றில் ஈரத்தைக் கூட்டி வைப்பார்கள். வெளியே பங்குனி வெயில் அடித்தாலும், மார்கழிக் குளிர் அடித்தாலும் உள்ளே ஒரே புழுக்கம். பனியன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே உள்ள சந்தில் போவதும் வருவதுமாக எட்டு மணி நேரம். நூல் சுற்றும் எந்தக் கதிரில் இழை அறுந்திருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். அறுந்த இடத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து ஒரு திருகு; இழை சேர்ந்துவிடும். முடிச்சு போடக் கூடாது. ஒரு ஷிப்டில் பல கிலோமீட்டர் நடந்திருப்போம். ஆனால் அந்தச் சந்தை விட்டு வெளியே போயிருக்க மாட்டோம்.

சங்கு ஊதி வெளியே வந்தால் முதலில் காதுக்குள் ஓர் இரைச்சல் நிற்காமல் ஓடும். அது அடங்க நேரம் ஆகும். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் பேசுவது சரியாகக் கேட்காது, எரிச்சல் வரும், கத்துவோம். அதனால்தான் எங்களில் பலர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. சிலர் டீக்கடைக்குப் போனார்கள், சிலர் சங்க ஆபீசுக்கு, சிலர் கள்ளுக்கும் சாராயத்துக்கும். குளத்துக்குப் போனவர்கள் வீட்டுக்கு நல்ல மனிதர்களாகத் திரும்பினார்கள். உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரியும்.

இன்னொன்று. தூண்டில் முள்ளில் நரம்பைக் கட்டுவதற்கு மில்காரன் கை மாதிரி வேறு கை கிடையாது. இருட்டிலும் கட்டுவோம்.

சூலூர் வாத்தியார்:

நல்ல உரையாடல். வரலாற்றுப் பின்னணி சிறிது சேர்த்தால் சகோதரியின் மலருக்குப் பயன்படலாம்.

கோவையின் முதல் பெரிய நூற்பாலையை, ஸ்டேன்ஸ் மில் என்று நாம் சொல்வதை, 1888இல் தொடங்கினார்கள். பிறகு சில ஆலைகள் மெல்ல வந்தன. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி மலிவான மின்சாரம் வந்ததும் சிங்காநல்லூர், பீளமேடு, ஒண்டிப்புதூர்ப் பக்கமெல்லாம் மில்கள் முளைத்தன. சுற்றியுள்ள கரிசல் காடுகளில் பருத்தி விளைந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நூல் நூற்பதற்கு வாகாக இருந்தது. ஆட்களும் அருகிலேயே கிடைத்தார்கள்: கிணறு வற்றிய தோட்டத்துக்காரர்களின் இளைய மகன்கள், பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர்கள், தறி போட்டவர்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குளத்தில் மீன் பிடிப்பதும் கிணற்றில் நீந்துவதும் மலை ஏறுவதும் இவர்கள் மில்லில் சேர்ந்த பிறகு தேடிக்கொண்ட பொழுதுபோக்கு அல்ல. அதுதான் அவர்கள் பிறந்து வளர்ந்த வாழ்க்கை. அதிலிருந்து நாளுக்கு எட்டு மணி நேரத்தை மில் எடுத்துக்கொண்டது. மீதி நேரத்தில் அவர்கள் பழையபடி வாழ முயன்றார்கள்.

அந்த எட்டு மணி நேரமும் சும்மா வந்ததில்லை. 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுத்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் 54. 1946இல்தான் 48 ஆயிற்று. அதே 1946ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற நான்கு மில் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றும் ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். உங்கள் அப்பா விடியற்காலையில் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்துக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் போராட்டம் இருக்கிறது. மலரில் ஒரு வரியாவது இதற்குக் கொடுங்கள்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 40ஆம் நம்பர் நூல் என்றால் 840 கெஜச் சிட்டம் (நூல் கற்றை) 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை. அதாவது ஒரே ஒரு பவுண்டு நூலை நீட்டினால் 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு சைடர் தன் வாழ்நாளில் எத்தனை பவுண்டு நூலைக் காத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்னாள் செவிலியர்:

தொழிலாளர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலம் செவிலியராக இருந்தேன். மார்புப் பிரிவில் பாதிப் பேர் மில்காரர்களாக இருப்பார்கள். உங்கள் உரையாடலைப் படித்தபோது ஒரு விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். அதற்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. வார விடுப்பு முடிந்து மறுநாள் வேலைக்குப் போகும்போதுதான் நெஞ்சு இறுகும். மூச்சு முட்டும், வறட்டு இருமல் வரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் குறைந்துவிடும். அடுத்த விடுப்பு முடிந்து போனால் மறுபடியும் அதேதான். நோய் முற்றினால் எல்லா நாளும் இறுக்கம் இருக்கும். அதற்குப் பிறகு நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும் பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் தூசி அதிகம் என்பதால் அங்கே வேலை செய்தவர்களுக்கு ஆபத்தும் அதிகம். பீடி பழக்கம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதனால் நடந்த கொடுமை என்னவென்றால், பல தொழிலாளர்கள் நோயின் காரணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். "ஒருநாள் லீவில் குளத்துத் தண்ணீரில் நின்றேன், சளி பிடித்துக்கொண்டது" என்பார்கள். "மலைக்குப் போனேன், பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான் திட்டுவார்கள். வெளியே போன நாளில் நெஞ்சு லேசாக இருந்ததையும், மில்லுக்குள் திரும்பிய பிறகுதான் இறுகியதையும் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. எத்தனையோ பேர் இப்படியே மலையேறுவதை நிறுத்திக்கொண்டார்கள். பஞ்சைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் இது இருந்தது. இழப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்நோயாகச் சேர்த்திருந்தார்கள். ஆனால் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்? இப்போதும் மில்லில் இருப்பவர்கள் இதைப் படித்தால், விடுப்பு முடிந்த முதல் நாள் உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். இறுக்கம் இருந்தால் மருத்துவரிடம் போகும்போது மில் வேலையைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

ரீலிங் வீட்டுப் பெண்:

எல்லோரும் அப்பாக்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் அம்மா நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவர். அப்பாவும் மில்தான். அப்பாவுக்கு வார விடுப்பு என்றால் குளம், சைக்கிள், சீட்டாட்டம். அம்மாவுக்கு வார விடுப்பு என்றால் துணி துவைப்பது, மாவு ஆட்டுவது, ரேஷன் கடை, வீடு வழிப்பது. வெள்ளியங்கிரிக்கு வயதுப் பெண்கள் ஏறும் வழக்கமே இல்லை. குளத்தங்கரையில் ஒரு பெண் தூண்டில் போட்டு உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பா கொண்டுவந்த மீனை உரசிக் கழுவிக் குழம்பு வைத்தவரும் அம்மாதான். அவரும் எட்டு மணி நேரம் நின்ற காலோடு வந்தவர்தான். மீன் பிடித்தவரின் பெருமை பேசும்போது அந்தக் கைகளையும் எழுதுங்கள்.

எங்கள் காலத்துக்குப் பிறகு இன்னும் மோசம். தெற்கு மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் கூட்டிவந்து மில் விடுதிகளில் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லித்தான் அந்தத் திட்டத்துக்கு சுமங்கலி என்று பெயர் சொன்னார்கள். அந்தப் பெண்கள் பல இடங்களில் மில் காம்பவுண்டைத் தாண்டி வெளியே போக அனுமதியில்லை. குளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஓய்வு நாள் என்று நாம் பேசுவது யாருடைய ஓய்வு நாள்?

நொய்யல் மகள்:

அக்கா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இதைப் படித்ததும் அம்மாவிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கப்பன் குளத்துக்குப் போன நேரம் எனக்கும் நிம்மதிதான். ஆனால் எனக்குப் பிடித்தது ஆடிப் பதினெட்டு" என்றார். வருடத்தில் அந்த ஒரு நாள் அம்மா அடுப்பு மூட்ட மாட்டார். முதல் நாள் இரவே புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி வைத்துவிடுவார். விடியற்காலை பஸ் பிடித்துப் பேரூர். நொய்யல் படித்துறையில் ஏழு கூழாங்கல் வைத்து, மஞ்சள் பூசி, காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு, ஆற்றில் நனைந்தபடி பகல் முழுக்க அங்கேயே. அப்பாவும் கூட வருவார். அந்த நாளில் அவர் தூண்டிலைத் தொட மாட்டார். அம்மா நீச்சல் அறிந்தவர் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. தோட்டத்துக் கிணற்றில் கற்றுக்கொண்டவர். கல்யாணத்துக்குப் பிறகு நீந்த இடமும் இல்லை, நேரமும் இல்லை.

எங்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அப்பா என்றுதான் அண்ணன் எழுதியிருக்கிறான். முதுகில் சுரைப்புருடையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டவர் அப்பா. ஆனால் எனக்கு மட்டும் கால் அடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அம்மா, மேல்படியில் நின்றுகொண்டு. மலரில் அந்த வரி மாறும்.

திருப்பூர்க்காரன்:

படிக்கப் படிக்க ஒரு பாரம் ஏறுகிறது. சொல்லிவிடுகிறேன்.

கோவை மில்லில் நூற்ற ஹோசியரி (பனியன் துணிக்கான) நூல் எங்கே போயிற்று? எங்கள் ஊருக்குத்தான். இங்கே பின்னினோம், வெளுத்தோம், சாயம் போட்டோம். சாயக் கழிவை எங்கே விட்டோம்? நொய்யலில். வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவைக் குளங்களை நிரப்பி, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற அதே நொய்யல். ஒரத்துப்பாளையம் அணையை விவசாயத்துக்கென்று கட்டினார்கள். 1992இல் கட்டி முடித்த அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே போராடினார்கள். நீருக்காகக் கட்டிய அணையைப் பார்த்து நீர் வேண்டாம் என்று கெஞ்ச வேண்டிய நிலை. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது.

உங்கள் அப்பா இதில் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் அவர் விரல் காத்த நூலே அவர் விரும்பிய ஆற்றைக் கொன்ற தொழிலுக்குப் போய்ச் சேர்ந்தது. தொழிலாளியின் ஓய்வு நாள் பற்றிப் பேசும்போது அந்த ஓய்வு நாளைக் கழித்த ஆறும் குளமும் என்ன ஆயின என்று பேசாமல் விடக் கூடாது.

பழைய சைடர்:

தம்பி, நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நூலுக்கு எவ்வளவு சாயம், கழிவை எங்கே விடுவது என்று எந்தத் தொழிலாளியைக் கேட்டு முடிவு செய்தார்கள்? முதலில் அந்த ஆற்றை இழந்தவர்கள் நாங்கள்தான். முதலாளிக்கு ஊட்டியில் பங்களா உண்டு. எங்களுக்கு இருந்தது அந்தக் குளம் ஒன்றுதான்.

திருப்பூர் வரை போக வேண்டியதில்லை. கோவை நகரச் சாக்கடையே குளங்களில் விழுந்தது. சிங்காநல்லூர்க் குளத்தில் ஆகாயத்தாமரை மூடியபோது தூண்டில் போட இடம் தேடி நாங்கள் கரையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். மீனில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று வீட்டில் சமைக்க மறுத்தார்கள். அப்போதும் போய் உட்கார்ந்திருந்தோம். பிடித்த மீனைத் திரும்ப விட்டோம்.

கூழைக்கடா:

நான் பறவை பார்ப்பவன். வார இறுதிகளில் உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர், சூலூர் என்று சுற்றுகிறேன். எங்கள் குழுவில் பெரும்பாலும் படித்துவிட்டு வேலைக்குப் போகிற இளைஞர்கள். கையில் தொலைநோக்கி, பை நிறையப் புத்தகம். ஆனால் எனக்கு முதலில் பறவை காட்டியவர் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர்.

முக்குளிப்பான் எந்த இடத்தில் திரும்பத் திரும்ப மூழ்குகிறதோ அங்கே பொடிமீன் கூட்டம் இருக்கிறது என்பார். நீர்க்காகம் கூட்டமாக வந்து இறங்கினால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டியதுதான் என்பார். நாமக்கோழி, தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி மூன்றையும் குரலை வைத்தல்ல, நடையை வைத்துப் பிரித்துச் சொல்வார். அவருக்குக் காது மந்தம். அதனால் கண் அவ்வளவு கூர்மையாக இருந்தது என்று நான் நினைக்கிறேன். ஆயிரம் கதிர்களில் அறுந்த ஓர் இழையைத் தேடிப் பழகிய கண்ணுக்குக் கோரைப்புல்லுக்குள் நிற்கும் குருட்டுக் கொக்கைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமா?

2017இல் சிங்காநல்லூர்க் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்க் குளமாக அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் குளத்தைக் காப்பாற்றுவது பற்றிய கூட்டங்களில் பேராசிரியர்களும் அதிகாரிகளும் எங்களைப் போன்றவர்களும்தான் இருக்கிறோம். நாற்பது ஐம்பது வருடம் அந்தக் கரையில் உட்கார்ந்தவர்களை யாரும் அழைப்பதில்லை. எந்த வருடம் எந்த மீன் காணாமல் போயிற்று, எந்த மாதத்தில் கூழைக்கடா வரத் தொடங்கியது என்று எழுதாமல் மனதில் வைத்திருப்பவர்கள் அவர்கள். சகோதரி, உங்கள் அப்பா சொன்ன மீன் பெயர்கள், இடங்கள், பருவங்கள் எதுவும் நினைவிலிருந்தால் மலரில் மட்டுமல்ல, இங்கேயும் எழுதுங்கள். எங்களுக்கு அது ஆவணம்.

ஏழாம் மலை:

வெள்ளியங்கிரி பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே. நகரத்திலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பூண்டி. அங்கிருந்து ஏழு மலை, ஒருவழியே சுமார் 6 கிலோமீட்டர், உச்சி 6,000 அடிக்குப் பக்கம். வனத்துறை பிப்ரவரியிலிருந்து மே வரைதான் விடுகிறது. அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொள்வோம். முதல் மலையின் படிகள்தான் ஆளைத் தீர்ப்பவை. அதைத் தாண்டியவர் பெரும்பாலும் மேலே போய்விடுவார். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று தண்ணீர் குடித்துக்கொண்டே போய், ஆண்டிச் சுனைக் குளிர் தண்ணீரில் முங்கி எழுந்தால் முட்டிவலி மறந்துவிடும்.

என் தாய்மாமன் மில்லில் ஜாபர், அதாவது மேஸ்திரி. சித்திரா பௌர்ணமிக்கு அவர் ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் சைக்கிளில் கிளம்புவார்கள். டைனமோ விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகப் போவார்கள். யாருக்கு விடுப்பு இல்லையோ அவருக்காக இன்னொருவர் ஷிப்ட் மாற்றிக்கொள்வார். மலை ஏறியவர் கொண்டுவரும் திருநீறு ஷிப்ட் மாற்றிக் கொடுத்தவருக்கு முதலில்.

செவிலியர் அம்மா எழுதியதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. 2024 பருவத்தில் மலையேறியவர்களில் பலர் நெஞ்சுவலியாலும் மூச்சுத் திணறலாலும் இறந்துபோனார்கள். இதய நோயும் மூச்சு நோயும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்கிறது. பஞ்சில் இருந்த பெரியவர்கள் "நான் ஏறாத மலையா" என்று கிளம்பினால் பிள்ளைகள் முதலில் மார்புப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

நொய்யல் மகள்:

ஏழாம் மலை ஐயா, உங்களை மாமா என்றே அழைக்கிறேன். ஷிப்ட் மாற்றிக்கொண்ட விஷயம் எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பா பொங்கலுக்கு வேலைக்குப் போவார். லைனில் எல்லா வீட்டிலும் ஆண்கள் இருக்க, அப்பா மட்டும் மில்லில் இருப்பார். எங்களுக்குக் கோபமாக வரும். மலைக்குப் போக அவருக்காக வேலை செய்தவரின் கடனை அன்று அடைத்திருக்கிறார் என்பது இதைப் படித்த பிறகுதான் புரிகிறது.

கடைசி வருடங்களில் அவருக்கு மூச்சு வாங்கியது. பூண்டி வரை பேரன் காரில் அழைத்துப் போவான். அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஏறி இறங்குபவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறங்கி வருகிறவர்களிடம் கைதட்டிச் சுனையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பார். செவிலியர் அம்மா, அப்பாவுக்கும் விடுப்புக்கு மறுநாள்தான் இருமல் அதிகமாக இருக்கும். குளத்துத் தண்ணீர்தான் காரணம் என்று நாங்களும் நம்பினோம். அம்மா அதற்காகவே அவரைத் திட்டியிருக்கிறார். உங்கள் பதிவை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் அந்த மனுசனை இன்னும் இரண்டு நாள் கூடக் குளத்துக்கு அனுப்பியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

கூழைக்கடா தம்பிக்கு: அப்பா சொல்லி நினைவில் இருப்பவை இவை. குளத்தின் கிழக்குக் கரையில் மதகுப் பக்கம் விரால், மழை விட்ட மறுநாள். கெளுத்தி இரவில்தான், கலங்கல் தண்ணீரில். அயிரை எங்கள் சிறுவயதில் நொய்யல் மணலில் கிடைத்தது, பிறகு பார்க்கவில்லை. ஜிலேபி பெருகப் பெருக நாட்டுக் கெண்டை குறைந்தது என்று வருத்தப்படுவார். மீதியை அண்ணனிடம் கேட்டு எழுதுகிறேன்.

சூலூர் வாத்தியார்:

ஒரு செய்தியைச் சேர்த்துவிடுகிறேன். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, பிறகு பழையபடி ஓடவில்லை. பல தனியார் மில்களின் நிலத்தில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் வந்துவிட்டன. சங்குச் சத்தத்தை வைத்து நேரம் சொன்ன தெருக்களில் இன்று அந்தச் சத்தத்தை அறிந்த குழந்தை இல்லை. இந்த மலரில் எந்த மில், எந்த லைன், எந்தக் குளம், எந்தக் கரை என்று இடங்களைத் தெளிவாக எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் போய்த் தேட வேண்டும்.

ரீலிங் வீட்டுப் பெண்:

தங்கை, ஆடிப் பதினெட்டு பற்றி எழுதியதற்கு நன்றி. உன் அம்மாவை நீந்த அழைத்துப் போ. வயதானாலும் கால் மறக்காது.

நொய்யல் மகள்:

கட்டாயம் அக்கா. இன்னொரு உதவி வேண்டும். என் மகள் மீன் பிடிக்க வேண்டும் என்கிறாள். அப்பாவின் தக்கைகள் எல்லாம் உடைந்துவிட்டன. மயிலிறகுத் தண்டில் தக்கை செய்வது எப்படி என்று நான் கவனிக்கவில்லை. பழைய சைடர் ஐயாவுக்குத் தெரியுமா?

பழைய சைடர்:

தெரியும் அம்மிணி. தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் இறகுதான் வேண்டும். அடிப்பக்கம் வெள்ளையாக, உள்ளே நெட்டி மாதிரி இருக்கும் பகுதியை நான்கு விரல் நீளம் நறுக்கிக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பிசிறைப் பிளேடால் மழித்துவிடுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் புகாமல் மெழுகோ நகச்சாயமோ வைத்து அடையுங்கள். சைக்கிள் வால்வு ட்யூப்பில் இரண்டு சிறு வளையம் வெட்டித் தண்டின் மேலும் கீழும் மாட்டி, அதற்குள் நரம்பை நுழைத்தால் ஆழத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கலாம். ஈயக்குண்டு ரொம்பச் சிறியதாக இருக்கட்டும். தண்டு நேராக நிற்க வேண்டும், முக்கால் பங்கு தண்ணீருக்குள் இருக்க வேண்டும். ஜிலேபி கடித்தால் தக்கை துள்ளும், கெண்டை இழுத்தால் பக்கவாட்டில் நகரும், விரால் என்றால் ஒரே முங்கு.

குளத்தின் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். கரையில் இருக்கும் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். குழந்தை ஒற்றைத் தூண்டில் போடுவதை யாரும் தடுக்க மாட்டார்கள்.